போதை தராக் கஞ்சா: கன்னாபிடையால் மிகுந்த இரகத்தின் வரலாறும் 0.3 விழுக்காட்டு எல்லையும்

ஆய்வுச்சுருக்கம்

கஞ்சாச் செடியில் போதை தரும் வேதிப்பொருள் டெட்ராஹைட்ரோகன்னாபினால் (டிஎச்சி) ஆகும். போதை தராத முதன்மை வேதிப்பொருள் கன்னாபிடையால் (சிபிடி) ஆகும். சிபிடி மிகுந்தும் டிஎச்சி குறைந்தும் உள்ள இரகங்கள் இருபத்தொன்றாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்புகள் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இப்பண்பு செடியில் முன்பே இருந்தது என்பதையும், அதனை அளந்த அளவுகோலே காலந்தோறும் மாறியது என்பதையும் 1940 முதல் 2021 வரையிலான அறிவியல், மருத்துவ, சட்ட நிகழ்வுகளின் வழி இக்கட்டுரை நிறுவுகிறது. தாவர வகைப்பாட்டிற்காக வரையப்பட்ட 0.3 விழுக்காட்டு எல்லை சட்டமாக மாறியதன் விளைவுகளையும், இந்தியச் சட்டம் பின்பற்றும் வேறுபட்ட அளவுகோலையும் இது ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கஞ்சா, கன்னாபிடையால், வேதிவகை, வலிப்பு நோய், நார்க்கஞ்சா, போதைப்பொருள் சட்டம்

முன்னுரை

ஒரு பயிரின் இரகத்தை அதன் விளைச்சல், சுவை, நோய் எதிர்ப்பு முதலிய பண்புகளைக் கொண்டு அடையாளப்படுத்துவது வேளாண் மரபு. கஞ்சாவைப் பொறுத்தவரை, இருபதாம் நூற்றாண்டில் அதன் இரகங்களை மதிப்பிட்ட முதன்மைப் பண்பு போதையே ஆகும். பயன்படுத்துவோர் போதை மிகுந்ததைத் தேடினர். அரசுகள் அதே போதையைக் காரணம் காட்டித் தடை விதித்தன. போதை தராத செடியை இருதரப்பும் பொருட்படுத்தவில்லை. இன்று மருந்துக் கடைகளில் விற்கப்படும் ஒரு வலிப்பு மருந்துக்கு அத்தகைய செடியே மூலமாக உள்ளது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

கலைச்சொல் குறித்த விளக்கம் ஒன்று தொடக்கத்திலேயே தேவைப்படுகிறது. ஆங்கிலத்தில் 'ஹெம்ப்' எனப்படுவதைத் தமிழில் 'சணல்' என மொழிபெயர்க்கும் வழக்கம் உண்டு. தமிழகத்தில் சணல் என்பது கோணிப்பை நெய்யப்படும் செடியைக் குறிக்கும். பசுந்தாள் உரமாகப் பயிரிடப்படும் சணப்பு வேறொரு செடி. இவ்விரண்டிற்கும் கஞ்சாவோடு தாவரவியல் உறவு இல்லை. 'ஹெம்ப்' என்பது கஞ்சா இனத்தைச் சேர்ந்த, டிஎச்சி குறைந்த செடியே ஆகும். எனவே இக்கட்டுரையில் அது 'நார்க்கஞ்சா' எனக் குறிக்கப்படுகிறது.

பண்பின் வேதியியல் அடிப்படை

சிபிடி, டிஎச்சி ஆகிய இரண்டும் 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்களைக் கொண்டவை. அணுக்களின் எண்ணிக்கை ஒன்றாக இருப்பினும் அமைப்பு வேறு. டிஎச்சியில் மூடிய வளையமாக உள்ள ஒரு பகுதி சிபிடியில் திறந்திருக்கிறது. டிஎச்சி மூளையிலுள்ள கன்னாபினாய்டு ஏற்பியைத் தூண்டிப் போதை உண்டாக்குகிறது. சிபிடி அவ்வாறு தூண்டுவதில்லை.

செடியில் இவை நேரடியாக உருவாவதில்லை. பெண் பூக்கதிரின் சுரப்பித் தூவிகளில் கன்னாபிஜெராலிக் அமிலம் என்னும் பொதுவான மூலப்பொருள் முதலில் தோன்றுகிறது. ஒரு நொதி அதனை டிஎச்சி அமிலமாகவும் மற்றொரு நொதி சிபிடி அமிலமாகவும் மாற்றுகின்றன. வெப்பம் பட்டால் அவ்வமிலங்கள் கார்பன் டைஆக்சைடை இழந்து டிஎச்சியாகவும் சிபிடியாகவும் மாறுகின்றன. எனவே ஒரே மூலப்பொருளுக்கு இரண்டு நொதிகள் போட்டியிடுகின்றன எனலாம். சிபிடி மிகுந்த இரகம் என்பது இப்போட்டியில் இரண்டாவது நொதி மட்டுமே செயல்திறனுடன் உள்ள செடியாகும்.

இங்கு மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. சிபிடி அமிலத்தை உருவாக்கும் நொதி, தன் வினையின் துணைவிளைவாகச் சிறிதளவு டிஎச்சி அமிலத்தையும் உருவாக்குகிறது. ஆகவே சிபிடி மிகுந்த செடியில் டிஎச்சி முற்றிலும் இல்லாமல் போவதில்லை. ஏறத்தாழ 20 முதல் 30 பங்கு சிபிடிக்கு ஒரு பங்கு டிஎச்சி என்ற விகிதம் இத்தகைய இரகங்களில் காணப்படுகிறது. இவ்வேதியியல் உண்மை பிற்காலச் சட்டச் சிக்கலுக்கு மூலமாக அமைந்தது.

மினசோட்டாவின் காட்டுச்செடி: 1940–1964

அமெரிக்காவில் 1937ஆம் ஆண்டு மரிவானா வரிச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. போதைக்குக் காரணமான பொருளைக் கண்டறிய வேண்டிய தேவை அரசுக்கு ஏற்பட்டது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் ரோஜர் ஆடம்ஸ் இவ்வாய்வை மேற்கொண்டார். மினசோட்டாவில் காடாக வளர்ந்திருந்த நார்க்கஞ்சாவிலிருந்து அவர் குழுவினர் பிரித்தெடுத்த புதிய பொருளுக்குக் கன்னாபிடையால் எனப் பெயரிட்டு 1940இல் வெளியிட்டனர். இங்கிலாந்தில் அலெக்சாண்டர் டாட் தலைமையிலான குழுவும் அதே காலத்தில் கஞ்சாப் பிசினிலிருந்து இப்பொருளைப் பிரித்தது.

பிரித்தெடுக்கப்பட்ட பொருள் போதை தரவில்லை. அமில வினையால் அதனைப் போதை தரும் சேர்மங்களாக மாற்ற இயலும் என்பதையும் ஆடம்ஸ் காட்டினார். தேடியது போதைக்கான காரணியை என்பதால், கிடைத்த சிபிடி அத்தேடலில் ஓர் இடைப்பொருளாகவே நின்றது. முதன்முதலில் தூய நிலையில் கிடைத்த சிபிடி, போதைக்காக வளர்க்கப்படாத செடியிலிருந்து வந்தது என்பதும் இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

சிபிடியின் சரியான அமைப்பை இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ரஃபேல் மெக்கூலம், யுவால் ஷ்வோ ஆகியோர் 1963இல் நிறுவினர். காவல்துறை பறிமுதல் செய்த 5 கிலோ கஞ்சாப் பிசின் அவ்வாய்வுகளுக்கு மூலப்பொருளானது. அடுத்த ஆண்டிலேயே யெஹியேல் கவோனியும் மெக்கூலமும் டிஎச்சியைத் தூய நிலையில் பிரித்து அதன் அமைப்பை வெளியிட்டனர். போதைக்கான காரணி கிடைத்தபின் ஆய்வுலகின் கவனம் பெரிதும் டிஎச்சியின் பக்கம் திரும்பியது.

சாவ் பாவ்லோ ஆய்வு: 1980

கஞ்சாவை வலிப்பிற்கு வழங்கிய பதிவு பழமையானது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் வில்லியம் ஓ'ஷாக்னஸி 1839இல் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு கண்ட கைக்குழந்தை ஒன்றிற்குக் கஞ்சாச் சாற்றை வழங்கிய நிகழ்வு இடம்பெறுகிறது. அன்று அச்சாற்றின் உட்பொருள்களை அளக்கும் முறை இல்லாமையால், அதனைச் சிபிடியின் முன்சான்றாகக் காட்டும் இன்றைய வணிக எழுத்துகளின் போக்கு பொருந்தாது.

சிபிடியைத் தனியே கொண்டு நடத்தப்பட்ட வலிப்பு ஆய்வின் வரலாறு பிரேசிலில் தொடங்குகிறது எனலாம். சாவ் பாவ்லோவில் எலிசால்டோ கார்லினியின் குழு 1970களில் விலங்குகளில் சிபிடியின் வலிப்படக்கும் ஆற்றலைக் கண்டது. பின்னர் மெக்கூலத்துடன் இணைந்து, வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத 15 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 1980இல் வெளியானது. சிபிடி பெற்ற 8 பேரில் 4 பேர் ஆய்வுக்காலம் முழுவதும் ஏறத்தாழ வலிப்பின்றி இருந்தனர். மேலும் 3 பேரிடம் ஓரளவு முன்னேற்றம் காணப்பட்டது. மருந்துப்போலி பெற்றவர்களில் ஒருவரிடம் மட்டுமே முன்னேற்றம் தெரிந்தது. எண்ணிக்கை சிறிது, எனினும் முடிவு தெளிவாக இருந்தது. ஆயினும் அதனைப் பெரிய அளவில் சோதிக்கும் ஆய்வுகள் வர முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின.

விகிதம் வகைப்பாடாதல்: 1973–2003

கனடாவின் ஒட்டாவாவில் தாவரவியலாளர் எர்னஸ்ட் ஸ்மால் பல நாட்டு விதைகளை ஒரே சூழலில் வளர்த்து ஆராய்ந்தார். 350 விதைத்தொகுதிகளைப் பற்றிய அவ்வாய்வை அவரும் பெக்ஸ்டெட்டும் 1973இல் வெளியிட்டனர். டிஎச்சி மிகுந்தவை, இரண்டும் கலந்தவை, சிபிடி மிகுந்தவை என்னும் வேதிவகைப் பாகுபாடு இவ்வழி உருவானது. சிபிடி மிகுந்தது ஓர் இயல்பான வகை என்பது அன்றே அறிவியல் பதிவில் இடம்பெற்றுவிட்டது.

ஸ்மாலும் ஆர்தர் கிரான்கிஸ்ட்டும் 1976இல் கஞ்சாவை ஒரே சிற்றினமாகக் கொண்டு அதனை இரு துணைச்சிற்றினங்களாகப் பிரித்தனர். பிரிக்கும் கோடாக, ஓரளவு முதிர்ந்த செடியின் இளந்துளிர் இலைகளின் உலர் எடையில் 0.3 விழுக்காடு டிஎச்சி என்ற அளவைக் கொண்டனர். அவ்வளவு தம் விருப்பின்படி வரையப்பட்டது என்பதை அக்கட்டுரையே கூறுகிறது. அது போதையின் தொடக்க அளவும் அன்று. நச்சுத்தன்மையின் அளவும் அன்று. வகைப்பாட்டு வசதிக்காக எழுந்த ஒரு கோடு மட்டுமே.

இவ்வேதிவகைகளின் மரபியல் அடிப்படையை டி மெய்யர் குழுவினர் 2003இல் விளக்கினர். தூய டிஎச்சி வகையையும் தூய சிபிடி வகையையும் கலப்பினம் செய்தபோது முதல் தலைமுறைச் செடிகள் அனைத்திலும் இரண்டும் கலந்திருந்தன. இரண்டாம் தலைமுறையில் சிபிடி, கலப்பு, டிஎச்சி வகைகள் 1:2:1 என்ற மெண்டல் விகிதத்தில் பிரிந்தன. இணை ஓங்குத்தன்மை கொண்ட இரண்டு அல்லீல்களின் வழி இப்பண்பு கடத்தப்படுகிறது என அவர்கள் விளக்கினர். ஒரு செடியின் விகிதத்தை மரபும், மொத்த அளவை மரபோடு வளர்ப்புமுறையும் முதிர்ச்சியும் தீர்மானிக்கின்றன. பிந்தைய மரபணுத்தொகுதி ஆய்வுகள் இரு நொதிகளின் மரபணுக்களும் அருகருகே தனித்தனியாக அமைந்தவை எனத் திருத்தின. எனினும் அவை இணைந்தே கடத்தப்படுவதால் கலப்பினம் செய்வோர்க்கு 2003ஆம் ஆண்டு விளக்கம் பயனுடையதாகவே நீடிக்கிறது.

மறைந்த பண்பு மீண்ட வரலாறு

சட்டவிரோதச் சந்தை போதையை மட்டுமே விலைமதித்தது. அச்சந்தைக்கான தேர்வில் சிபிடி படிப்படியாகக் குறைந்தது. அமெரிக்காவில் பறிமுதல் செய்யப்பட்ட கஞ்சாவை மகமூத் எல்ஸோலி தலைமையிலான மிசிசிப்பிப் பல்கலைக்கழகக் குழு ஆண்டுதோறும் ஆராய்ந்தது. 1995இல் ஏறத்தாழ 4 விழுக்காடாக இருந்த சராசரி டிஎச்சி 2014இல் ஏறத்தாழ 12 விழுக்காடாயிற்று. அதே காலத்தில் டிஎச்சிக்கும் சிபிடிக்கும் உள்ள விகிதம் 14 மடங்கிலிருந்து ஏறத்தாழ 80 மடங்காக உயர்ந்தது. போதைச்சந்தையில் சிபிடி ஏறத்தாழ அழிந்துவிட்டது என்பதையே இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

இந்நிலையில் மருத்துவ நோக்கிலான வளர்ப்பு சில இடங்களில் தொடங்கியது. 1998இல் நிறுவப்பட்ட பிரிட்டனின் ஜிடபிள்யூ மருந்து நிறுவனம் டிஎச்சி மிகுந்த செடிகளையும் சிபிடி மிகுந்த செடிகளையும் தனித்தனியே வளர்த்துச் சாறெடுத்தது. இஸ்ரேலின் திக்குன் ஓலாம் நிறுவனம் 2012இல் 'அவிடெக்கெல்' என்ற இரகத்தை அறிவித்தது. அதில் சிபிடி 15.8 விழுக்காடு எனவும் டிஎச்சி 1 விழுக்காட்டிற்கும் குறைவு எனவும் கூறப்பட்டது.

அமெரிக்காவின் கொலராடோவில் ஸ்டான்லி சகோதரர்கள் நார்க்கஞ்சாவைக் கலந்து உருவாக்கிய இரகம் பெரும் மாற்றத்திற்குக் காரணமாயிற்று. போதை தராமையால் அதற்கு முதலில் 'ஹிப்பிகளின் ஏமாற்றம்' என்ற பெயர் வழங்கியது. டிராவே நோய்க்குறியால் ஓயாத வலிப்புக்கு ஆளான சிறுமி ஒருவருக்கு 2012இல் அதன் எண்ணெய் தரப்பட்டது. வலிப்புகள் பெருமளவு குறைந்ததாகத் தெரிவிக்கப்பட்டபின் அவர் பெயரால் அது 'சார்லட்ஸ் வெப்' ஆயிற்று. 2013ஆம் ஆண்டு ஆகஸ்டில் சிஎன்என் தொலைக்காட்சி ஒளிபரப்பிய ஆவணப்படம் இச்செய்தியை நாடறியச் செய்தது. செடி மாறவில்லை, அதன் பெயர் மாறியது. ஏமாற்றம் எனப்பட்ட அதே பண்பு சிறப்பாகக் கொள்ளப்பட்டதை இப்பெயர்மாற்றம் காட்டுகிறது.

குடும்பச் சான்றும் மருத்துவச் சான்றும்

ஆவணப்படத்திற்குப்பின், மருந்துகள் பயன்தராத பிள்ளைகளுடன் பல குடும்பங்கள் கொலராடோவிற்குக் குடிபெயர்ந்தன. அவை ஈன்ற சான்று எத்தகையது என்ற வினா எழுந்தது. கொலராடோ மருத்துவர்கள் 75 பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டனர். வலிப்பு பாதிக்கு மேல் குறைந்ததாகப் பெற்றோர் கூறியது 33 விழுக்காட்டினரிடம். ஆனால் சிகிச்சைக்காக இடம்பெயர்ந்த குடும்பங்களில் அது 47 விழுக்காடாகவும், முன்பே அங்கு வாழ்ந்த குடும்பங்களில் 22 விழுக்காடாகவும் இருந்தது. வீட்டையும் வேலையையும் விட்டுவந்த பெற்றோரின் நம்பிக்கை அவர்தம் கணிப்பைப் பாதித்திருக்கக்கூடும் என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது. அவர்களின் துயரத்தை ஐயுறாமலேயே அவர்களின் சான்றைச் சோதிக்க வேண்டியிருந்தது.

அச்சோதனை 2017இல் நிறைவேறியது. ஓரின் டெவின்ஸ்கி குழுவினர் டிராவே நோய்க்குறி கொண்ட 120 பேரிடம் தூய சிபிடியை மருந்துப்போலியோடு ஒப்பிட்டனர். சிபிடி பெற்றோரின் மாதாந்திர வலிப்பு இடைநிலை அளவு 12.4இலிருந்து 5.9 ஆகக் குறைந்தது. மருந்துப்போலி பெற்றோரிடம் அது 14.9இலிருந்து 14.1 ஆகவே இருந்தது. முற்றிலும் வலிப்பு நீங்கியோர் 5 விழுக்காட்டினர். வால்புரோயேட் மருந்தையும் உட்கொண்டோரிடம் கல்லீரல் நொதிகள் உயர்ந்தன. நலமும் எல்லையும் ஒருங்கே வெளிப்பட்டன. 2018 ஜூன் 25 அன்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 'எபிடையோலெக்ஸ்' மருந்தை டிராவே, லெனாக்ஸ்-கேஸ்டோ நோய்க்குறிகளுக்கு ஏற்றது. ஏற்கப்பட்டது தூய்மைப்படுத்தப்பட்ட ஒரு மூலக்கூறு. எந்த இரகத்தின் பெயரும் அன்று.

கடைச்சரக்கின் நிலை வேறாக இருந்தது. இணையத்தில் விற்கப்பட்ட 84 சிபிடிப் பொருள்களைச் சோதித்து 2017இல் வெளியான ஆய்வில், 31 விழுக்காட்டுப் பொருள்களின் அடையாளச்சீட்டுகள் மட்டுமே சரியாக இருந்தன. 18 பொருள்களில் டிஎச்சி காணப்பட்டது. குழந்தைக்கு மருந்தாக வாங்குவோர்க்கு இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கது.

0.3 விழுக்காடு சட்டமாதல்

2018 டிசம்பரில் நிறைவேறிய அமெரிக்க வேளாண் சட்டம், உலர் எடையில் டிஎச்சி 0.3 விழுக்காட்டைத் தாண்டாத கஞ்சாவை நார்க்கஞ்சா என வரையறுத்துத் தடைப்பட்டியலிலிருந்து நீக்கியது. ஸ்மால் வகுத்த எல்லை இளந்துளிர் இலைக்கு உரியது. அமெரிக்க வேளாண் துறையின் 2021ஆம் ஆண்டு விதிகளோ மேற்பூக்கதிரை மாதிரியாக எடுக்கப் பணிக்கின்றன. பிசின் மிகுந்த பூவில் டிஎச்சி இலையிலுள்ளதைவிடப் பன்மடங்கு மிகும். எண் ஒன்றாக இருப்பினும் அது அளக்கும் உறுப்பு மாறிவிட்டது.

இதன் விளைவு உழவரையே சேர்கிறது. சிபிடிக்கும் டிஎச்சிக்கும் உள்ள விகிதம் 25:1 எனக் கொண்டால், டிஎச்சி 0.3 விழுக்காட்டை எட்டும்போது சிபிடி 7.5 விழுக்காடாக இருக்கும். சிபிடி 15 விழுக்காட்டை எட்டும் செடியில் டிஎச்சி 0.6 விழுக்காடாகிவிடும். பூ முதிர முதிர இரண்டும் சேர்ந்தே உயர்வதால், நல்ல விளைச்சலே சட்ட மீறலாகிறது. அறுவடைக்கு முந்தைய 30 நாள்களுக்குள் எடுக்கப்படும் மாதிரி எல்லையைத் தாண்டினால், பயிரை அழிக்கவோ விதிமுறைப்படி சீராக்கவோ வேண்டும். எனவே முதிர்ச்சிக்கு முன்பே அறுவடை செய்யும் வழக்கம் தோன்றியது. சுவிட்சர்லாந்து 1 விழுக்காட்டை எல்லையாகக் கொண்டிருப்பது, இவ்வெண் இயற்கையால் விதிக்கப்பட்டதன்று என்பதற்குச் சான்று.

2021இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு இவ்வரையறையின் மற்றொரு முரணைக் காட்டியது. ஆராயப்பட்ட சிபிடி மிகுந்த இரகம் ஒன்றின் மரபணுத்தொகுதியில் 89 விழுக்காடு போதைக்கஞ்சா மரபும் 11 விழுக்காடு நார்க்கஞ்சா மரபும் இருந்தன. சிபிடி நொதியின் மரபணு நார்க்கஞ்சாவிலிருந்தும், பிசின் மிகுந்த பூவின் பிற கூறுகள் போதைக்கஞ்சாவிலிருந்தும் வந்தன. மரபால் பெரிதும் போதைக்கஞ்சாவாக உள்ள செடி சட்டத்தின் கண்ணில் நார்க்கஞ்சா ஆகலாம்.

இந்தியச் சட்டத்தின் அளவுகோல்

1961ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை கஞ்சாவை வேதிப்பொருளால் அன்றிச் செடியின் உறுப்பால் வரையறுத்தது. இந்தியாவின் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள்கள் மற்றும் உளவெறியூட்டும் பொருள்கள் சட்டமும் அவ்வழியே சென்றது. பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகள் கஞ்சா எனப்படும். நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் அடங்கா. இவ்வரையறையில் விழுக்காடு எதுவும் இல்லை. நார், விதை ஆகியவற்றிற்காகவும் தோட்டக்கலைக்காகவும் பயிரிட அரசு அனுமதிக்கலாம் என 14ஆம் பிரிவு கூறுகிறது. சிபிடி செறிந்திருப்பது நாரிலோ விதையிலோ அன்று, பூவில்தான். எனவே போதை தராத செடியின் பூவும் வரையறையின்படி கஞ்சாவே ஆகிறது. உத்தரகண்ட் மாநிலத்தில் நார்க்கஞ்சாச் சாகுபடிக்கு உரிமம் வழங்கப்பட்டபோது 0.3 விழுக்காட்டு வரம்பு பின்பற்றப்பட்டது. உறுப்பு, விழுக்காடு என்னும் இரு அளவுகோல்கள் ஒரே நாட்டில் அருகருகே நிற்கின்றன.

2020 டிசம்பர் 2 அன்று ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணையம் 27–25 என்ற வாக்கு வேறுபாட்டில் கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து நீக்கியது. இந்தியா ஆதரவாக வாக்களித்தது. ஆனால் டிஎச்சி 0.2 விழுக்காட்டிற்கு மிகாத சிபிடித் தயாரிப்புகளைப் பன்னாட்டுக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கும் முன்மொழிவை அதே கூட்டம் ஏற்கவில்லை.

முடிவுரை

சிபிடி மிகுந்த வகை 1940இல் வேதியியலாளரின் கையிலும் 1973இல் தாவரவியலாளரின் வயலிலும் இருந்தது. அதன் மருத்துவப் பயன் 1980இலேயே குறிப்பாகத் தெரிந்தது. போதையே அளவுகோலாக இருந்த காலம்வரை அப்பண்பு குறையாகக் கருதப்பட்டு இரகங்களிலிருந்து நீங்கியது. நோய் நீக்கம் அளவுகோலானபோது அதுவே சிறப்பாயிற்று. ஆகவே இரகத்தின் பண்பு என்பது செடியின் மரபும் அதனை அளக்கும் சமூகத்தின் நோக்கமும் சேர்ந்து உருவாக்குவது எனக் கொள்ளலாம்.

வகைப்பாட்டிற்காகப் பிறந்த ஓர் எண், அதன் மூலக்குறிப்பிலிருந்து பிரிக்கப்பட்டு உழவரின் பயிரைத் தீர்ப்பிடும் சட்டமாக மாறியது. இந்தியாவில் வருங்காலத்தில் சட்டத்திருத்தம் எண்ணப்படுமாயின், எத்தனை விழுக்காடு என்பதோடு எந்த உறுப்பில், எந்த முதிர்ச்சியில், எந்த நோக்கத்திற்காக என்ற வினாக்களும் எழுப்பப்பட வேண்டும். வலிப்பால் வருந்தும் குழந்தைக்கு உதவுவது இரகத்தின் பெயர் அன்று. அளவறிந்து சோதிக்கப்பட்ட மருந்து என்பதும் இவ்வரலாறு தரும் தெளிவாகும்.